பாஸ்டா சாலட்டுக்கு எந்த டூனா டின்? இலங்கை மலையகத்து ஹட்டனில் மூன்று வகையையும் வாங்கிப் பார்த்தேன்

எங்கள் வீட்டில் டின் மீன் என்றால் செமன்தான். அந்த 425 கிராம் பெரிய டின்னை உடைத்து, உருளைக்கிழங்கு போட்டு அப்பாயி வைக்கிற குழம்பு சம்பள நாளில் லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) முழுக்க மணக்கும். செமன் (சால்மன்) என்று சொன்னாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் மெக்கரல். குழம்புக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை, ஆனால் சாலட்டுக்குச் சரிப்பட்டு வராது, ஆறிய பிறகு மயோனெய்ஸோடு சேரும்போது மீன் வாடை மேலே வந்துவிடும். இதை முதலில் சொல்லக் காரணம், நம் ஊர்க் கடையில் போய் "மீன் டின் ஒன்று தாங்க" என்று கேட்டால் அதுதான் கைக்கு வரும். டூனா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கடந்த இரண்டு மாதத்தில் மூன்று வகை வாங்கிச் செய்து பார்த்தேன். எண்ணெயில் போட்ட துண்டு டூனா, உப்புத் தண்ணீரில் போட்டது, மிளகாய் சேர்த்த உதிரி டூனா. கம்பனிப் பெயர் எழுதாமல் வகையை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே கடைகளில் இந்த மாதம் இருக்கிற கம்பனி அடுத்த மாதம் இருப்பதில்லை. முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: எண்ணெய் டின், அதிலும் துண்டு என்று போட்டிருப்பது. விலை கூடத்தான், இருந்தாலும் சாலட்டுக்கு அதையே வாங்குங்கள்.

வளையத்தை இழுத்து மூடியைத் திறந்தவுடன் வித்தியாசம் தெரிகிறது. எண்ணெய் டின்னில் மீன் இளஞ்சிவப்பும் பழுப்பும் கலந்த நிறத்தில், துண்டு துண்டாக, வெங்காயத்தை உரித்தால் மடல் மடலாகக் கழருவது போல முள்ளுக்கரண்டி பட்டதும் அடுக்கடுக்காகப் பிரிந்தது. பாஸ்டாவோடு கிளறினாலும் அந்த அடுக்கு உடையவில்லை, ஒவ்வொரு வாயிலும் மீன் மீனாகவே தெரிந்தது. உப்புத் தண்ணீர் டின் அப்படி இல்லை. வடித்துப் பிழிந்தால் கையில் தவிடு மாதிரி உதிர்ந்தது, மயோனெய்ஸ் போட்டதும் எல்லாம் சேர்ந்து களியாகிவிட்டது, உப்பும் அதிகம். அதற்காக அதை மோசம் என்று சொல்ல மாட்டேன், எண்ணெய் வேண்டாம் என்று டாக்டர் சொன்னவர்களுக்கு அதுதான் சரி, சாலட்டில் வேறு உப்புச் சேர்க்காமல் விட்டால் போதும். மிளகாய் டூனா ரொட்டிக்கும் பாணுக்கும் அருமை, சாலட்டில் போட்டால் மற்ற எல்லாச் சுவையையும் அது விழுங்கிவிடுகிறது.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையின் முதலாளி ஒரு விஷயம் காட்டித் தந்தார். "டீச்சர், முன்னால இருக்கிற பெரிய எழுத்தைப் பார்க்காதீங்க, பின்னால சின்ன எழுத்தைப் பாருங்க." விலை வேறுபட்ட இரண்டு டூனா டின்னைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு டின்னிலும் மொத்த எடை 170 கிராம். ஆனால் எண்ணெயும் தண்ணீரும் வடித்த பிறகு மீன் மட்டும் ஒன்றில் 120 கிராம், மற்றதில் 105 கிராம். விலை குறைவு என்று நான் கையில் எடுத்தது அந்த 105. மீனின் கிராமுக்கு என்ன விலை என்று அவர் கல்குலேட்டரில் தட்டிக் காட்டியபோது இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. அவர் எனக்கு அதிக விலை டின்னை விற்க வேண்டும் என்று சொன்னதாக நான் நினைக்கவில்லை, அரிசி பருப்புக்கும் அப்படித்தான் பார்த்துச் சொல்லுவார்.

சரி, பாஸ்டாவுக்கு வருவோம், நம் மலையில் ஆட்கள் அதிகம் தடுக்குவது இங்கேதான். பைக்கட்டில் 8 நிமிடம் என்று எழுதியிருக்கும். அந்தக் கணக்கு தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிற ஊருக்கு. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் அதற்கு முன்பே கொதித்துவிடும், ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை. ஹட்டனில் 96 பாகை அளவில் கொதிக்கும், 1868 மீற்றரில் இருக்கிற நுவரெலியாவில் 94 தான். தள தளவென்று கொதிக்கிறதே என்று பார்த்து 8 நிமிடத்தில் இறக்கினால் நடுவில் மாவு வேகாமல் நிற்கும். ஒன்றை எடுத்துக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள், நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் வேக வேண்டும். எங்கள் வீட்டு அடுப்பில் எனக்கு 11 நிமிடம் பிடித்தது. புள்ளி மறைந்த பிறகும் சாலட்டுக்காக அரை நிமிடம் கூட விடுகிறேன், ஏனென்றால் ஆறினால் பாஸ்டா மறுபடி இறுகும், அதுவும் இந்தக் குளிரில்.

இப்படிக் கூட நேரம் கொதிக்க வைப்பதால் பாஸ்டா எதில் செய்தது என்பதும் முக்கியம். டூரம் என்ற கடினக் கோதுமை ரவையில் செய்தது என்று போட்டிருந்தால் தாங்கும். சாதாரண கோதுமை மாவு மக்கரோனி விலை குறைவு, ஆனால் 11 நிமிடத்தில் வெளியே கரைந்து ஒட்டிக்கொள்ளும், ஒருமுறை அப்படியாகி வீட்டில் யாரும் இரண்டாம் தடவை போட்டுக்கொள்ளவில்லை. சங்கு வடிவம் கிடைத்தால் எடுங்கள், அந்தக் குழிக்குள் மீன் போய் உட்காரும். 200 கிராமுக்கு 2 லீற்றர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி உப்பு. வடித்ததும் பீலித் தண்ணீரை (மலை ஊற்றுக் குழாய்த் தண்ணீர்), கொதிக்க வைத்து ஆற வைத்ததைத்தான் சொல்கிறேன், ஒரு தடவை ஊற்றி அலசிவிட்டால் மேலே இருக்கிற பசை போய்விடும். சூடாகச் சாப்பிடுகிற பாஸ்டாவை அலசக் கூடாது, சாலட்டுக்கு மட்டும் அலசலாம்.

காய்கறியில் நமக்குக் குறையே இல்லை. லீக்ஸின் வெள்ளைப் பகுதியைப் பொடியாக அரிந்து, கொஞ்சம் உப்பும் தேசிக்காய்ப் புளியும் விட்டு பத்து நிமிடம் வைத்தால் காரம் அடங்கி இனிப்பு வரும். அரிவதற்கு முன் நீளவாக்கில் பிளந்து மடலுக்கு மடல் கழுவ வேண்டும், உள்ளே மண் ஒளிந்திருக்கும், ஒரு மணல் பல்லில் பட்டாலும் சாலட் கெட்டது. கரட் துருவியது, கறி மிளகாய் ஒன்று, அவித்த முட்டை இரண்டு. மயோனெய்ஸ் மூன்று மேசைக்கரண்டி போதும், அதோடு டின்னில் இருந்த எண்ணெயில் ஒரு கரண்டி விடுங்கள், மீனின் சுவை அதில்தான் இறங்கியிருக்கிறது, அதைக் கொட்டிவிடுவது எனக்கு மனம் வராத காரியம். மிளகை அப்போதே இடித்துப் போடுங்கள். இந்த மயோனெய்ஸ் கலவையில் கொஞ்சத்தை எடுத்து வைத்து, சாப்பிடும் நேரத்தில் சேர்த்தால் நல்லது, பாஸ்டா நேரம் போகப் போக எல்லா ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும்.

அப்பாயிக்கு இது வெள்ளைக்காரன் சாப்பாடு. கிண்ணத்தை மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மாசி வாசம் வருதே" என்றார். அவர் சொன்னது சரிதான். டின் லேபிளில் ஸ்கிப்ஜாக் என்று இருந்தது, அதைத்தான் நாங்கள் பலயா என்கிறோம், கட்டசம்பலுக்கு (மிளகாய் வெங்காயச் சம்பல்) இடிக்கிற மாசிக் கருவாடும் அதே மீனில் செய்வதுதான். அதற்குப் பிறகு நான் சாலட்டின் மேல் அரைத் தேக்கரண்டி மாசித் தூளைத் தூவத் தொடங்கினேன். மயோனெய்ஸின் திகட்டல் அதோடு போய்விட்டது. அப்பாயி இப்போது கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார், எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

புது மீன் வாங்கி அவித்துச் செய்யலாமே என்று என்னிடம் கேட்டார்கள். செய்யலாம், மீன் நன்றாக இருந்தால். கடற்கரையிலிருந்து மலைக்கு வந்து சேர்வதற்குள் ஐஸ் கரைந்திருந்தால் பலயா, கெலவல்லா போன்ற டூனா வகை மீன்களில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு உண்டாகும், சமைத்தாலும் அது போகாது, உடம்பு சிவந்து அரிக்கும். அதனால் சாலட்டுக்கு எனக்கு டின்தான் நம்பிக்கை.

அந்த நம்பிக்கையும் டின்னைப் பார்த்து எடுத்தால்தான். டவுனில் வேறொரு கடையில் அவசரமாக வாங்கிய டின் ஒன்றின் விளிம்பில், மூடியும் உடம்பும் சேருகிற தையலிலேயே நசுங்கல் இருந்தது, காலாவதித் திகதிக்கு மேல் விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மாற்றித் தரச் சொன்னேன், பில் போட்ட பிறகு முடியாது என்றார்கள். நான் அதைத் திறக்காமலே குப்பையில் போட்டேன், பணம் போனது வருத்தம்தான். வயிற்றுப் பக்கம் லேசாக நசுங்கியிருந்தால் பரவாயில்லை, தையலில் நசுங்கியதையும் மூடி உப்பியதையும் தொடவே வேண்டாம். திறந்த டின்னில் மீதி இருந்தால் அப்படியே வைக்காமல் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றி, மூடி பிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அது மறுநாள் காலையில் கட்டசம்பலோடு தேங்காய் ரொட்டிக்குள் போய்விடும்.