கிளிநொச்சியில் சித்திர வகுப்புக்குப் பணம் கட்ட இருப்பவர்களுக்கு

கிளிநொச்சி நகரில் ஏ9 வீதியை அண்டிய வாடகை அறையொன்றில் நடந்த பென்சில், மைச் சித்திர வகுப்பில் என் தங்கையின் மகள் ஏமாற்றப்பட்ட விதத்தை இங்கே எழுதுகிறேன். அதே வகுப்பின் விளம்பரம் இப்போது மாங்குளத்திலும் புதுக்குடியிருப்பிலும் ஒட்டப்பட்டிருப்பதால் இதை அங்குள்ள பெற்றோர் அறிய வேண்டும்.

ஆறு மாதப் பயிற்சிக்கு 18,000 ரூபாவும் உபகரணப் பொதிக்கு 6,500 ரூபாவும் முன்கூட்டியே வாங்கினார்கள். காலபோக நெல்லை விற்றுக் கட்டிய காசு அது. பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவந்த படங்கள் எல்லோரையும் வியக்க வைத்தன. பிள்ளையார், நடிகைகளின் முகங்கள், சுருக்கம் விழுந்த ஒரு முதியவர் என்று ஒவ்வொன்றும் அச்செடுத்தது போல இருந்தது. கீழே பிள்ளையின் கையொப்பமும் இருந்தது. அவற்றைப் பார்த்த அயலவர்கள் தங்கள் பிள்ளைகளையும் அங்கேயே சேர்த்தார்கள்.

பிறகு ஒருநாள், திண்ணையில் இருந்த செம்பை வரைந்து காட்டும்படி அம்மம்மா கேட்டபோது, பிள்ளை பென்சிலை வைத்துக்கொண்டு, "இதின்ர படம் எங்க அம்மம்மா?" என்று கேட்டாள். விசாரித்ததில் எல்லாம் தெரியவந்தது. கண்ணாடி மேசையின் கீழே மின்குமிழ் எரியுமாம். புகைப்படத்தின் மேல் தாளை வைத்துப் பிள்ளைகள் கோடுகளை ஒற்றியெடுப்பார்களாம். கண்களையும் நிழலையும் ஆசிரியரே பின்னர் போட்டு முடித்து, அடுத்த வகுப்பில் கையொப்பம் மட்டும் வைக்கச் சொல்வாராம்.

ஒற்றியெடுப்பதையே நான் குறைசொல்லவில்லை. தாம் வரைந்த முன்வரைவை நல்ல தாளுக்கு மாற்ற ஓவியர்களும் அதைச் செய்வதுண்டு. ஆனால் செம்பின் வாய் கண் மட்டத்தில் ஒரு கோடாகத் தெரிந்து, செம்பு கீழே இறங்க இறங்க நீள்வட்டமாக விரியும் என்பதையும், முழங்கையை மடக்காமல் கையை நீட்டி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பென்சிலால் உயரத்தையும் அகலத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதையும், வேப்பங்கிளைகளுக்கு இடையே தெரியும் வானத்தின் வடிவத்தைக் கவனித்தால் கிளையின் வளைவு பிடிபடும் என்பதையும் அந்த அறையில் ஒருவரும் பிள்ளைக்குச் சொல்லவில்லை. மையில் வரைந்ததை அழிறப்பரால் திருத்த முடியாது என்பதால், இணைகோடுகளை நெருக்கியும் அவற்றின் குறுக்கே இன்னோர் அடுக்குப் போட்டும் இருளைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதுதான் அதன் முதற் பாடம். அங்கே தூரிகையால் கறுப்புப் பூசச் சொல்லி அதையும் முடித்துவிட்டார்கள். க.பொ.த. சாதாரண தரச் சித்திரப் பாடத்துக்கு இந்த வகுப்பு உதவும் என்று விளம்பரத்தில் இருக்கிறது. முன்னால் வைத்த பொருட்களைப் பார்த்து வரைய வேண்டிய இடத்தில் மின்குமிழ் மேசை கிடைக்காது; அங்கே பிள்ளை என்ன செய்யும்?

பொதியிலும் மோசடிதான் இருந்தது. காரீயத்துடன் (ஈய உலோகம் அல்ல, கிராபைற்று) களிமண்ணைக் கலந்து பென்சிலின் கடினத்தை மாற்றும் முறைக்கு 1795இல் பிரான்சில் கொன்டே என்பவர் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் கோடு கடினமாகவும் வெளிறியும் இருக்கும். காரீயம் கூடினால் மென்மையாகவும் கருமையாகவும் இருக்கும். ஆகவே 2பி, 4பி, 6பி என்று எழுதிய பென்சில்களால் ஒரே அழுத்தத்தில் கோடு போட்டால் கருமை படிப்படியாகக் கூட வேண்டும். எங்களுக்குத் தந்த மூன்றும் ஒரே சாம்பல் நிறத்தைத்தான் காட்டின. இந்திய மை என்று விற்ற போத்தலில் இருந்தது ஊற்றுப் பேனாவுக்கான சாயமை. இந்திய மை எனப்படும், கரித்தூளால் ஆன நீர்புகா மை நன்றாகக் காய்ந்த பின் ஈரத் தூரிகை பட்டாலும் கலையாது; இதுவோ நீலமாகக் கரைந்து ஓடியது. வெயில் படும் சுவரில் மாட்டிய படமும் மங்கிவிட்டது. (உண்மையான நீர்புகா மை கிடைத்தாலும் அதை ஊற்றுப் பேனாவில் நிரப்பாதீர்கள், அதிலுள்ள அரக்கு காய்ந்து பேனாவை அடைத்துவிடும்.) தாளும் நிழற்பிரதி எடுக்கும், சதுர மீற்றருக்கு 80 கிராம் நிறையுள்ள தாள்தான். மை வேலைக்கு 150 கிராமுக்குக் குறையாத தடித்த தாள் இருந்தால் நல்லது.

அரச அங்கீகாரம் பெற்றது என்று சொல்லித் தந்த சான்றிதழில் ஒரு முத்திரை மட்டுமே இருந்தது, பதிவிலக்கம் இல்லை. தொழிற்பயிற்சி நிறுவனங்களைப் பதிவுசெய்யும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவைக் காட்டும்படி என் தங்கை கேட்டார். "அதெல்லாம் கொழும்பில் இருக்குது" என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, கட்டிய பணம் மீளளிக்கப்படாது என்று பற்றுச்சீட்டில் அச்சிட்டிருப்பதைக் காட்டினார்கள். அந்தப் பற்றுச்சீட்டில் முகவரியே இல்லை. அதன் பின்னர் தொலைபேசியையும் எடுப்பதில்லை.

உங்கள் ஊரில் இப்படியான விளம்பரத்தைக் கண்டால், சுவரில் மாட்டியுள்ள படங்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள். வகுப்பு நடக்கும் நேரத்தில் போய், அங்கே படிக்கும் ஒரு பிள்ளை ஒரு குடத்தையோ செருப்பையோ பார்த்து வரைவதை அருகில் இருந்து பாருங்கள். கோணலாக வந்தாலும் பரவாயில்லை, அது அந்தப் பிள்ளை தானே பார்த்து வரைந்ததாக இருக்க வேண்டும். அதற்கு ஆசிரியர் சம்மதிக்காவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். கட்டணத்தை மாதாமாதம் கட்டுவதாகச் சொல்லுங்கள். பென்சிலையும் மையையும் வெளியில் வாங்குங்கள்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துவிட்டு எழுத்திலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். இன்னும் முடிவு வரவில்லை. அதே வகுப்புக்குப் பணம் கட்டியவர்கள் பற்றுச்சீட்டையும் பொதியில் மிஞ்சியதையும் எறிந்துவிடாமல் வைத்திருந்து, தாங்களும் முறைப்பாடு கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.