மரணசாதனத்தை, அதாவது உயிலை, பேனையால் திருத்தித் தரும் கடைகள்: வன்னி மக்கள் கவனத்திற்கு

சட்டத்தரணியிடமிருந்து திரும்பிய கையோடு இதை எழுதுகிறேன். 65,000 ரூபாய் போனது ஒருபுறம் இருக்க, அம்மாவின் கடைசி விருப்பமும் அதனோடு சேர்ந்து போய்விட்டது.

பரந்தனுக்கு அப்பால் உள்ள எங்கள் அரை ஏக்கர் வளவின் உறுதிப் பத்திரத்தை, 2009 இல் முள்ளிவாய்க்கால் வரையும், பிறகு செட்டிகுளம் முகாமிலும், பொலித்தீன் பையில் சுற்றி மடியிலேயே வைத்துக் காத்தவர் அம்மா. மீளக்குடியேறிய பின், 2014 இல், நொத்தாரிசு (உறுதி, மரணசாதனம் போன்றவற்றை அத்தாட்சிப்படுத்த உரிமம் பெற்றவர்) ஒருவரின் முன்னிலையில் முறைப்படி மரணசாதனம் எழுதி, வீட்டையும் வளவையும் வெளிநாட்டிலுள்ள அண்ணாவுக்கு விட்டிருந்தார். படுக்கையில் விழுந்த பின்னர், தன்னைப் பார்த்துக்கொண்ட எனக்கே அவை சேர வேண்டும் என்று சென்ற ஆண்டு மனம் மாறினார்.

நான் போனது, நீதிமன்றத்துக்கு அருகில் ஆவணம் எழுதுதல், மொழிபெயர்ப்பு, போட்டோக்கொப்பி என்று பலகை மாட்டியிருந்த ஒரு கடைக்கு. அங்கிருந்தவர் அம்மாவை மின்விசிறிக்குக் கீழே இருத்தி, பிளேன்ரீ வருவித்து, "உங்கட அம்மா எனக்கும் அம்மா மாதிரித்தான், புதுசா எழுதிக் காசைக் கரைக்காதேங்கோ, இதிலேயே திருத்தலாம்" என்றார். அந்த ஒரு சொல்லில் நான் விழுந்தேன். அண்ணாவின் பெயரை நீலப் பேனையால் வெட்டி, அதற்கு மேல் என் பெயரை எழுதினார். நடுங்கிய அம்மாவின் கையை நான் தாங்கிப் பிடிக்க, அவர் ஓரத்தில் ஒப்பமிட்டார். கடைக்காரரும் அவருடைய உதவியாளரும் சாட்சிகளானார்கள். பெயர் தெளியாத வட்ட முத்திரையொன்று குத்தப்பட்டது. அதன் மை அம்மாவின் பெருவிரலிலும் ஒட்டியது. நொத்தாரிசு எங்கே என்று கேட்டதற்கு, "சேர் பின்னேரம் வந்து வைப்பார்" என்றார். 65,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

அம்மா மாசியில் காலமானார். மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்குப் போடச் சென்றபோது சட்டத்தரணி அந்தத் தாளை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னிலையில் இருக்கவேண்டும், நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகளாவது வேண்டும், ஒப்பமிட்ட பின் செய்யும் திருத்தத்துக்கும் அதே முறைதான் என்றார். ஆகவே வெட்டிய வரி வெட்டப்படாததாகவே நிற்கிறது. 2014 இல் எழுதியதை எதிர்த்து வழக்காடவும் எனக்கு வழியில்லை, ஏனெனில் அது குறையின்றி எழுதப்பட்டது.

கடைக்குப் போனேன். முதல் நாள் "சேர் வவுனியா கோட்டுக்குப் போட்டார்", அடுத்த கிழமை "சேருக்குச் சுகமில்லை", மூன்றாம் முறை "நீங்கள் கேட்டதை எழுதித் தந்தன், அவ்வளவுதான்". தொலைபேசி இப்போது எடுபடுவதில்லை. பற்றுச்சீட்டை அன்றைக்குத்தான் ஒழுங்காக வாசித்தேன்: "தட்டச்சு, மொழிபெயர்ப்புக் கட்டணம், 65,000 ரூபாய்". ஒரு வரி வெட்டியதற்கு!

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமையில்லை. பழைய மரணசாதனத்தில் யாரையும் பேனை வைக்க விடாதீர்கள், புதிதாகவே எழுதுங்கள். நொத்தாரிசை நேரில் காணாமல் ஒப்பமிட விடாதீர்கள். காசு கொடுக்குமுன் பற்றுச்சீட்டை வாசியுங்கள். அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த காணியென்றால் நடைமுறையே வேறு, பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

நாளை காலை அந்தப் பற்றுச்சீட்டோடு பொலிசுக்குப் போகிறேன்.