மூச்சை வெளியே விடவும் ஒரு வசதி வேண்டும்: ஏர்சென்ஸ் 10 கருவியுடன் ஐந்து மாதங்கள்

தலவாக்கலையிலிருந்து ஹட்டனுக்குச் செல்லும் காலைப் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே நான் உறங்கிப்போய், கையிலிருந்த குடை முன் ஆசனத்தில் இருந்த ஓர் அம்மாவின் மடியில் விழுந்த அன்றுதான், இத்தனை வருடங்களாக வீட்டில் சிரித்துக் கடந்த குறட்டையை வைத்தியரிடம் சொல்லத் தீர்மானித்தேன். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் குறட்டை ஒரு நோயாகத் தெரிவதில்லை. நடுச்சுவர் கூரைவரை எழும்பாத அந்த அறைகளில் என் தாத்தாவின் குறட்டை மூன்றாம் காம்பராவரை கேட்கும். அது கேட்காத இரவுகளில்தான் பாட்டி எழுந்து உட்காருவார்.

கண்டியில் ஒரு தனியார் வைத்தியசாலையில், உடம்பெங்கும் வயர்களை ஒட்டிக்கொண்டு ஓர் இரவு படுத்து எடுத்த தூக்கப் பரிசோதனையில், மணிக்கு 38 தடவைகள் என் மூச்சு நின்றோ குறைந்தோ போவது தெரியவந்தது. மணிக்கு 5 தடவைகளுக்குக் குறைவாக இருந்தால் சாதாரணம், 30 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையான ஸ்லீப் அப்னியா, அதாவது உறக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய், என்பது வைத்தியர்களின் கணக்கு. அதன் பிறகு வாங்கியதுதான் ரெஸ்மெட் நிறுவனத்தின் ஏர்சென்ஸ் 10 ஆட்டோசெட் என்ற சீபேப் கருவியும் (உறங்கும்போது மாஸ்க் வழியே தொடர்ந்து காற்றழுத்தம் கொடுத்து, அந்த அழுத்தத்தைத் தேவைக்கேற்பத் தானே கூட்டிக் குறைக்கும் கருவி), மூக்கை மட்டும் மூடும் ஏர்ஃபிட் என்20 மாஸ்க்கும். ஆசிரியர் ஒருவரின் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் விழுங்கிய பொருள் என்பதால், இதை வாங்க நினைக்கும் மலைநாட்டவர்களுக்கு என் அனுபவத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கருவியின் அழகு, திரையின் தெளிவு, எடை போன்றவற்றை எந்தக் கடைக்காரரும் சொல்லிவிடுவார். யாரும் எனக்குச் சொல்லாதது, அதை மாட்டிக்கொண்டு மூச்சை வெளியே விடுவது எப்படி என்பதைத்தான்.

முதல் இரவு நான் பதினைந்து நிமிடங்கள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. மூச்சை உள்ளே இழுப்பதில் எந்தச் சிரமமும் இல்லை, காற்றுத் தானாகவே வந்து நிறைகிறது. வெளியே விடப் போனால் எதிரே ஒருவர் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. நான் விஞ்ஞான பாடம் கற்பிப்பவன் என்பதால் மறுநாள் குசினியில் ஒரு சிறு சோதனை செய்து பார்த்தேன். உயரமான கிளாஸ் ஒன்றில் பத்து சென்டிமீற்றர் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, ஸ்ட்ரோவின் நுனியை அடியில் வைத்து மெதுவாக ஊதினால், முதல் குமிழி வருவதற்குக் கன்னம் எவ்வளவு இறுக வேண்டியிருக்கிறதோ, அதுதான் பத்து சென்டிமீற்றர் நீரழுத்தம். சீபேப் கருவிகளின் அளவும் அதே சென்டிமீற்றர் நீர்தான். இந்தக் கருவி 4 முதல் 20 வரை கொடுக்கும். தொண்டைத் தசைகள் உறக்கத்தில் தளர்ந்து பாதையை அடைக்காதபடி அந்த அழுத்தம் உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கிறது. 1981ஆம் ஆண்டு சிட்னியில் கொலின் சலிவன் குழுவினர் இந்தச் சிகிச்சையை வெளியிட்ட நாளிலிருந்து அடிப்படை இதுவே. ஆனால் அந்தத் தாங்கல் உள்மூச்சு, வெளிமூச்சு என்று வேறுபாடு பார்ப்பதில்லை. இரவு முழுவதும் தண்ணீர்க் கிளாஸுக்குள் ஊதிக்கொண்டே உறங்கு என்று ஒருவனிடம் சொல்வதற்கு அது சமம்.

இதற்கான தீர்வு கருவிக்குள்ளேயே இருந்தது என்பதை அறிய எனக்குப் பதினொரு நாட்கள் ஆயின. ஈ.பி.ஆர். என்று அழைக்கப்படும் வெளிமூச்சு அழுத்தத் தளர்வு வசதி அது. நாம் மூச்சை விடத் தொடங்குவதைக் காற்றோட்டத்தின் மாற்றத்திலிருந்து கருவி உணர்ந்து, அந்த நேரத்துக்கு மட்டும் அழுத்தத்தை 1, 2 அல்லது 3 சென்டிமீற்றர் குறைத்து, அடுத்த உள்மூச்சுக்கு மீண்டும் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறது. குசினிச் சோதனையின் மொழியில் சொன்னால், நாம் ஊதும்போது மட்டும் யாரோ ஸ்ட்ரோவைப் பிடித்து மூன்று சென்டிமீற்றர் மேலே தூக்கிவிடுகிறார்கள். மூச்சு நின்றுபோனதைக் கருவி கண்டுபிடித்தால் இந்தத் தளர்வைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, மூச்சு திரும்பிய பிறகே மறுபடி தொடங்கும். பிலிப்ஸ் கருவிகளில் இதே தேவைக்கு சி-ஃபிளெக்ஸ் என்ற வேறொரு முறை இருக்கிறது. அது நாம் விடும் மூச்சின் வேகத்துக்கேற்பத் தளர்ந்து, வெளிமூச்சு முடிவதற்கு முன்பே அழுத்தத்தை மீட்டுவிடும். நான் அதைப் பயன்படுத்தியதில்லை என்பதால் ஒப்பிட முற்படவில்லை.

என் கருவியில் இந்த வசதி அணைக்கப்பட்டிருந்தது. கருவியைக் கொண்டுவந்து தந்த விற்பனை நிலையத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அங்கிருந்து வந்த இளைஞர் எங்கள் வீட்டில் செலவிட்ட இருபது நிமிடங்களில் பாதி தேநீருக்குப் போனது; மீதியில் மாஸ்க் பட்டியை இறுக்கிக் காட்டினார். வைத்தியர் கடிதத்தில் அழுத்தம் 7 முதல் 13 வரை இருக்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தும், கருவி பெட்டியிலிருந்து வந்தபடியே 4 முதல் 20 வரை என்ற அளவில் விடப்பட்டிருந்தது. மூச்சு விடக் கஷ்டமாக இருக்கிறதே என்று தொலைபேசியில் கேட்டபோது, “சேர், ரெண்டு கிழமைல பழகிரும், பயப்படாதீங்க” என்றார். பழகவில்லை. நான்காவது இரவு முதல் நள்ளிரவில் என்னை அறியாமலே மாஸ்க்கைக் கழற்றித் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு உறங்கிக்கொண்டிருந்தேன். காலையில் வயிறு வேறு காற்றை விழுங்கி மத்தளமாக இருக்கும்.

கருவியின் ‘என் விருப்பங்கள்’ பகுதியில் ‘அழுத்தத் தளர்வு’ என்ற வரி இருந்தால், நாமே அதைப் போடலாம், அணைக்கலாம். அந்த வரி திரையில் வருவதும், தளர்வு 1ஆ 3ஆ என்பதும், அது இரவு முழுவதுமா அல்லது தொடக்க நேரத்துக்கு மட்டுமா என்பதும் வைத்தியருக்கான பகுதியில் தீர்மானிக்கப்படுபவை. ஆகவே கருவியைப் பெற்றுக்கொள்ளும்போதே அந்த வரியைத் திரையில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் கையொப்பமிட அவசரப்பட வேண்டாம்.

கண்டி கிளினிக்கில் 7 முதல் 13 வரையிலான அழுத்தமும், மூன்றாம் நிலைத் தளர்வும் அமைத்துத் தந்த அன்றிரவு ஆறு மணித்தியாலங்கள் தொடர்ந்து உறங்கினேன். அந்தச் சுகத்தைச் சொல்ல வேண்டும்: மூச்சை விடத் தொடங்கிய கணமே கருவியின் மெல்லிய இரைச்சல் ஒரு படி இறங்குகிறது, நெஞ்சு தானாகத் தாழ்கிறது, மாஸ்க்கின் ஓரம் கன்னத்தில் சற்றே தளர்கிறது. ஆனால் ஒரு வாரத்தில் இரண்டு குறைகளை உணர்ந்தேன். மூச்சை ஆறுதலாக விட்டு முடிப்பதற்கு முன்பே கருவி அடுத்த மூச்சைத் தள்ளத் தொடங்குவதுபோல, பேச்சின் நடுவே குறுக்கிடும் உறவினரைப்போல, ஒரு அவசரம் தெரிந்தது. மேலும் மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைப்பட்டது என்று காலையில் திரையில் காட்டும் கணக்கு 7ஐ ஒட்டியே நின்றது. வைத்தியர் விளக்கினார்: குறைந்தபட்ச அழுத்தமான 7இல் மூன்று குறைந்தால் வெளிமூச்சின்போது என் தொண்டையைத் தாங்குவது வெறும் 4தான், அது எனக்குப் போதவில்லை. குறைந்தபட்ச அழுத்தத்தை 8 ஆக்கி, தளர்வை 2க்கு இறக்கினார். இப்போது கணக்கு பெரும்பாலான நாட்களில் 3க்குக் கீழே. தளர்வு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைத்து நாமே கைவைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இதிலே கவனிக்கத் தவறும் இன்னொரு நுணுக்கமும் உண்டு. தளர்வு எந்த நிலையில் இருந்தாலும் கருவி 4க்குக் கீழே இறங்காது. உறங்கும்வரை சிறிய அழுத்தத்தில் வைத்திருந்து பின்னர் உயர்த்தும் ரேம்ப் என்ற வசதியை 4இலிருந்து தொடங்கும்படி வைத்தால், அந்த ஆரம்ப நிமிடங்களில் தளர்வதற்கு இடமே இல்லை. போதாக்குறைக்குக் காற்றுப் போதாமல் மூச்சு முட்டுவதுபோலவும் இருக்கும். மெதுவாகத் தொடங்குவதுதானே புதியவருக்கு இதம் என்று எல்லோரும் நினைப்பார்கள், நானும் நினைத்தேன். தொடக்கத்தை 6 ஆக்கிய பிறகே மூச்சை இழுப்பதும் விடுவதும் இரண்டும் இலகுவாயின.

இனி மலைநாட்டுக் குளிரைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த மதிப்பீடு கொழும்பில் இருப்பவருக்கு எழுதியதாகிவிடும். 2,591 மீற்றர் உயரம்வரை இயங்கும் என்று கருவிக்கு வரையறுத்திருக்கிறார்கள். நுவரெலியா நகரமே 1,868 மீற்றர்தான் என்பதால் உயரம் ஒரு பிரச்சினை அல்ல. பிரச்சினை கம்பளிதான். தையிலும் மாசியிலும் தலையோடு போர்த்திக்கொண்டு உறங்குவது நம்மவர் வழக்கம். நாம் விடும் மூச்சு குழாய் வழியே திரும்பிப் போவதில்லை. மாஸ்க்கின் முன்புறத்திலுள்ள நுண்ணிய துளைகள் வழியே வெளியேறுகிறது. கம்பளி அந்தத் துளைகளை மூடினால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க நேரிடும். இரண்டாவது வாரத்தில் ஓர் இரவு நெஞ்சு கனத்து விழித்தபோது, கருவியைக் குறை சொல்லிக்கொண்டே எழுந்தேன். மூக்கின் மேல் கம்பளி இரண்டு மடிப்பாகக் கிடந்தது. இப்போது காதுவரை கம்பளித் தொப்பி, கழுத்துவரை போர்வை, மூக்கு மட்டும் வெளியே.

ஈரப்பதமூட்டியிலிருந்து வரும் ஆவி குளிர்ந்த குழாயில் நீராகி, மூச்சு விடும்போது களகளவென்று சத்தமிட்டு மூக்கில் தெறிப்பது இன்னொரு தொல்லை. வெப்பமூட்டும் குழாயைத் தனியாக வாங்கினால் தீரும். வாங்கும்வரை என் மனைவி பழைய ஸ்வெட்டரின் கையை வெட்டிக் குழாய்க்கு உறை தைத்துத் தந்தார், அதுவும் முக்கால்வாசி வேலையைச் செய்தது. கருவியின் சத்தம் 26.6 டெசிபல் என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். தகரக் கூரையில் மழை பெய்யும் வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதே வீண்.

மின்தடைக்கு மட்டும் ஆயத்தமாக இருங்கள். 2022 மார்ச் மாதத்தின் 13 மணித்தியால மின்வெட்டு இன்று இல்லாவிட்டாலும், தென்மேல் பருவக்காற்றில் ஒரு சவுக்கு மரம் கம்பியில் சாய்ந்தால் இரவு போய்விடும். கருவி நின்றதும் மாஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். காற்று வராத மாஸ்க்குக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருப்பது நல்லதல்ல. பற்றரியில் ஓட்ட நினைப்பவர்கள் ஈரப்பதமூட்டியை அணைத்துவிட்டால் அது நெடுநேரம் தாக்குப்பிடிக்கும், சூடாக்குவதற்கே பெரும்பங்கு மின்சாரம் போகிறது.

மீண்டும் வாங்குவேனா என்றால், கருவியை வாங்குவேன். அந்த விற்பனை நிலையத்தின் படி ஏறமாட்டேன். எங்கள் வீட்டில் மிஞ்சியிருக்கும் ஒரே முறைப்பாடு மனைவியுடையது. மாஸ்க் துளைகளிலிருந்து புறப்படும் என் வெளிமூச்சு நேராக அவர் தோளில் குளிரக் குளிர அடிக்கிறதாம். ஆகையால் முப்பது வருடப் பழக்கத்தை மாற்றி, கட்டிலில் இடப்பக்கத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு, நான் சுவரைப் பார்த்தபடி உறங்குகிறேன்.