‘நூறு சதவீதம் உருதி’ என்றவனிடம் பணத்தை விட்ட கதை

கிரிக்கெட்டோ வேறு விளையாட்டோ, எந்த ஆட்டத்தில் மோசடி செய்ய யார் யாரை விலைக்கு வாங்கினார்கள் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்ட நான்தான் ஏமாந்தேன். புதுக் கைபேசி வாங்க ஆறு மாதமாகச் சேர்த்த பணம் மொத்தமும் போய்விட்டது. மூலையில் விரிசல் விட்ட பழைய கைபேசியில்தான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் தயங்கினேன். வெட்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நான் ஒன்றும் அறியாத அப்பாவியாக இருந்து ஏமாறவில்லை. விலை பேசி முடித்த ஆட்டத்தின் ரகசியத்தைக் காசு கொடுத்து வாங்கி, அதில் லாபம் பார்க்க நினைத்தேன். இப்படி மாட்டிக்கொண்டவன் வாயைத் திறக்க மாட்டான் என்று அந்தக் கும்பலுக்கு நன்றாகத் தெரியும். அதனாலேயே திறக்கிறேன்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த ஆட்டம் நடந்தாலும் ஒரு கருத்துச் சொல்லாமல் இருக்க முடியாது. அன்றைக்கு ஒரு பந்துவீச்சாளர் கோட்டைத் தாண்டிக் கால் வைத்து நோ-பால் போட்டார். நான் உறுப்பினராக இருந்த ஓர் அரட்டைக் குழுவில், “இது விலை போன பந்து, பார்த்தாலே தெரிகிறது” என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் தனிச் செய்தி வந்தது. “நீங்கள் விஷயம் தெரிந்தவர் அண்ணா. மற்றவர்களுக்கு இதெல்லாம் புரியாது.” கூடவே, அடுத்த நாள் ஆட்டத்தில் எந்த அணி வெல்லும் என்று ஒரு வரி. அதன் கீழே: “100 சதவீதம் உருதி.”

நண்பர்களின் கல்யாணப் பத்திரிகையில்கூட எழுத்துப்பிழை பார்த்துச் சொல்லுகிறவன் நான். ‘உறுதி’யை ‘உருதி’ என்று எழுதியவனை மட்டும் விட்டுவிட்டேன். “விஷயம் தெரிந்தவர்” என்று ஒருவன் சொன்ன பிறகு றகரமாவது ரகரமாவது.

அவன் சொன்ன அணி வென்றது. அடுத்ததும் வென்றது. மூன்றாவது, நான்காவது ஆட்டமும் அப்படியே. நான்கு ஆட்டங்களுக்கும் ஒரு காசு கேட்கவில்லை. ஐந்தாவதுக்குச் சந்தா கட்டச் சொன்னான், கட்டினேன். அந்த ஐந்தாவது பொய்த்தது.

அங்கேயே நிறுத்தியிருந்தால் சந்தாப் பணத்தோடு போயிருக்கும். ஆனால் அவன் ஓடி ஒளியவில்லை. அவனே அழைத்து மன்னிப்புக் கேட்டான். கடைசி நேரத்தில் எதிர்த்தரப்பு அதிக விலை கொடுத்துவிட்டதாம். ஈடாக இலவசமாக ஒன்று காட்டுகிறேன், அடுத்த ஆட்டத்தை நேரலையில் போட்டுக்கொண்டு என்னுடன் பேச்சில் இருங்கள் என்றான்.

இருந்தேன். “அடுத்த பந்து வைடு அண்ணா” என்றான். பந்துவீச்சாளர் ஓடி வந்தார், வைடு. “இது ரன் இல்லை.” ரன் இல்லை. “இதற்கு நான்கு.” பந்து எல்லைக்கோட்டுக்குப் போனது. ஒரு ஓவர் முழுவதும் இப்படிச் சொல்லிச் சொல்லி அடித்தான். எனக்குக் கை நடுங்கியது. ஏனென்றால் இதே மாதிரி ஒன்று உண்மையாகவே நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். 2010 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக பாகிஸ்தான் ஆடிய டெஸ்ட். எந்தப் பந்து நோ-பால் என்று ஒரு முகவர் முன்கூட்டியே சொன்னார். சொன்னபடி பாகிஸ்தான் பந்துவீச்சாளர்கள் ஆமிரும் ஆசிபும் கோட்டைத் தாண்டினார்கள். அது தெரியாதவனாக இருந்திருந்தால், “போடா, இதில் ஏதோ வித்தை இருக்கிறது” என்று இணைப்பைத் துண்டித்திருப்பேன். தெரிந்த அரைகுறைதான் என்னைக் கவிழ்த்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன், சொல்ல எரிச்சலாக இருக்கிறது. ஒரு பந்தயத் தளத்தின் இணைப்பை அனுப்பினான். பணம் போட்டேன். திரையில் அது இரண்டு மடங்கானது, நான்கு மடங்கானது. எடுக்கப் போனால் முதலில் ‘வரி’ கட்டச் சொன்னது. கட்டினேன். பிறகு ‘சரிபார்ப்புக் கட்டணம்’. அதையும் கட்டினேன். மூன்றாவதாக ‘கணக்கைத் திறக்கும் வைப்புத்தொகை’ என்று வந்தபோது கையில் எதுவும் மிச்சமில்லை. இருந்திருந்தால் கட்டியிருப்பேன், பொய் சொல்லவில்லை.

வித்தை எப்படி உடைந்தது என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனசே இல்லாமல் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து பெரிய கூச்சல். என் கைபேசியில் பந்துவீச்சாளர் இன்னும் பந்தைக் காற்சட்டையில் தேய்த்துக்கொண்டிருக்கிறார். திரும்பி நடக்கிறார், ஓடி வருகிறார், வீசுகிறார், விக்கெட். மறுபடி கொஞ்ச நேரம் கழித்துக் கூச்சல், எண்ணினேன். இருபத்திரண்டு எண்ணி முடித்தபோது என் திரையில் ஆறு ரன். பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பது தொலைக்காட்சி, நான் பார்ப்பது இணைய நேரலை. என் நேரலை அவ்வளவு பின்தங்கி வருகிறது. மைதானத்தில் முடிந்துபோன பந்தைத்தான் அவன் எனக்கு ‘முன்கூட்டி’ச் சொல்லியிருக்கிறான். பேச்சின் தொடக்கத்தில், “எதில் பார்க்கிறீர்கள் அண்ணா?” என்று அவன் அக்கறையாகக் கேட்டது அப்போதுதான் உறைத்தது.

இந்த இடைவெளியை வைத்தே பிழைப்பு நடத்துகிறவர்கள் உண்டு என்பதும் நான் படித்திருந்த செய்திதான். 2014 ஆஸ்திரேலிய ஓப்பன் டென்னிஸில் பார்வையாளர் மாடத்தில் இருந்த ஒரு பிரிட்டன் இளைஞரைப் பிடித்தார்கள். புள்ளி விழுந்த கணமே பந்தயம் கட்டுகிறவர்களுக்குத் தகவல் அனுப்பும் கருவியைக் காற்சட்டைக்குள் வைத்திருந்தார். பின்னால் வழக்குக் கைவிடப்பட்டது, அது வேறு விஷயம். அந்தச் செய்தியைப் படித்துச் சிரித்தவன் நான். அதே சங்கதி என் உள்ளங்கையில் நடந்தபோது தெரியவில்லை.

சரி, நேரலை புரிந்தது. முதல் நான்கு ஆட்டங்களை எப்படிச் சரியாகச் சொன்னான்? இதை என் தங்கையிடம் கேட்டேன். திட்டுவாள் என்று பயந்தேன். அவள் திட்டவில்லை, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “அவன் எத்தனை பேருக்கு அனுப்பினான் என்று உனக்குத் தெரியுமா அண்ணா?”

கையில் கிடைத்த மின்கட்டணச் சீட்டின் பின்புறத்தில் எழுதிக் காட்டினாள். 800 பேரைப் பிடி. 400 பேரிடம் ஓர் அணி வெல்லும் என்று சொல், மற்ற 400 பேரிடம் எதிரணி என்று சொல். தவறான பதில் கிடைத்தவர்களை மறந்துவிடு. மிச்சமுள்ள 400 பேரை மறுபடி இரண்டாகப் பிரி. 200. பிறகு 100. நான்காவது ஆட்டம் முடியும்போது 50 பேர் இருப்பார்கள். அந்த ஐம்பது பேருக்கும் அவன் நான்கு முறையும் தவறாத தீர்க்கதரிசி. ஆட்டத்தைப் பற்றி அவனுக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. “நீ அந்த ஐம்பதில் ஒருத்தன்” என்று சொல்லிவிட்டு சீட்டைத் திருப்பி, மின்கட்டணம் கட்டினாயா என்று கேட்டாள். கட்டியிருக்கவில்லை.

அவன் நடத்திய குழுவில் தோற்றுப்போன கணிப்புகளே இல்லாதிருந்ததும் இப்படித்தான். பழைய செய்திகளைப் போய்ப் பார்த்தேன். பலவற்றின் ஓரத்தில் ‘திருத்தப்பட்டது’ என்று பொடி எழுத்தில் இருந்தது. ஆட்டம் முடிந்த பிறகு அணியின் பெயரை மாற்றியிருக்கிறான். அந்தப் பொடி எழுத்து முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது.

ஒரு முன்னாள் நட்சத்திர வீரர் அந்தத் தளத்தைப் புகழ்ந்து பேசும் காணொளியும் குழுவில் இருந்தது. முகம் அவருடையது, குரலும் அவருடையது. உதட்டை மட்டும் கவனித்தால் சில சொற்களில் ஒட்டாமல் நழுவியது. 2024 ஜனவரியில் சச்சின் டெண்டுல்கரே, தான் ஒரு விளையாட்டுச் செயலியை விளம்பரப்படுத்துவதுபோல் வரும் காணொளி போலியானது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டி வந்தது. செயற்கை நுண்ணறிவு வேலைகளைப் பறிக்குமா, உலகத்தை அழிக்குமா என்று நான் மணிக்கணக்காக வாதாடியிருக்கிறேன். அது முதலில் என் சட்டைப்பையில் கை வைக்கும் என்று தோன்றவில்லை.

ஆட்டத்தையே போலியாக நடத்தியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது எனக்கு மிகவும் பிடித்த மோசடி. 2022இல் குஜராத்தின் மேசாணா மாவட்டத்தில் மோலிபூர் கிராமத்துப் பண்ணை ஒன்றை வாடகைக்கு எடுத்து, கூலித் தொழிலாளர்களையும் வேலையில்லாத இளைஞர்களையும் ஐபிஎல் அணிகளின் சட்டை போட்டு ஆட வைத்தார்கள். ஆட்டத்துக்கு ஆளுக்கு 400 ரூபாய். கிரிக்கெட் வர்ணனையாளர் ஹர்ஷா போக்ளே குரலில் பேச ஒருவர், இணையத்திலிருந்து எடுத்த கூட்டத்தின் ஆரவாரம், எப்போது ஆறு அடிக்க வேண்டும் என்று வாக்கி-டாக்கியில் உத்தரவு வாங்கும் நடுவர். பந்தயம் கட்டியவர்கள் ரஷ்யாவில் இருந்தார்கள். காவல்துறை வந்தபோது போட்டி காலிறுதிவரை போய்விட்டிருந்தது! இந்தக் கதையைச் சொல்லி ரஷ்யர்களை எத்தனை முறை கேலி செய்திருப்பேன். அவர்களாவது ஓர் ஆட்டத்தைப் பார்த்து ஏமாந்தார்கள்.

இப்போது யோசித்தால், எனக்குத் தெரிந்த எல்லா ஊழலும் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. நான் காதில் வாங்கவில்லை. தென்னாப்பிரிக்க அணித்தலைவர் ஹான்சி குரோனியே பந்தயக்காரர்களிடம் பணம் வாங்கிய விவகாரம் 2000இல் வெளியே வந்தது டில்லி காவல்துறை ஒட்டுக்கேட்ட தொலைபேசிப் பேச்சால். அதுவரை அவருடைய ரகசியம் சில பேருக்குள்ளேயே இருந்தது. லார்ட்ஸ் விவகாரத்தில் அந்த முகவர் வெளியாள் ஒருவரிடம் ரகசியத்தை விற்றார். 1,50,000 பவுண்டு கொடுத்து வாங்கியவர் மாறுவேடத்தில் வந்த பத்திரிகை நிருபர். 2011இல் முகவரும், அணித்தலைவர் சல்மான் பட் உட்பட மூன்று ஆட்டக்காரர்களும் சிறைக்குப் போனார்கள். அமெரிக்கக் கூடைப்பந்தில் ஜான்டே போர்ட்டர் என்பவருக்கு 2024 ஏப்ரலில் வாழ்நாள் தடை விதித்தார்கள். தன் உடல்நிலையைப் பந்தயக்காரருக்குச் சொல்லிவிட்டு, உடம்பு சரியில்லை என்று ஆட்டத்தின் நடுவே வெளியேறினார். அவர் சரியாக ஆட மாட்டார் என்று 80,000 டாலர் கட்டி 11 லட்சம் டாலர் எதிர்பார்த்த பந்தயத்தை நிறுவனம் சந்தேகப்பட்டு முடக்கிவிட்டது, பணம் தரவில்லை. கையில் உண்மையான ரகசியம் இருந்தவனுக்கே இந்தக் கதி. அப்படி ஒன்றை வைத்திருப்பவன், முன்பின் தெரியாத எனக்கு, அதுவும் மாதச் சந்தாவுக்கு, ஏன் விற்க வேண்டும்? இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்கலாம்.

மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் செய்ததையும் செய்யத் தவறியதையும் சொல்கிறேன். தெரிந்த உடனே வங்கியை அழைத்துவிடுங்கள். நான் நான்கு நாள் வெட்கப்பட்டுவிட்டு அழைத்தேன். அதற்குள் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிப் போய்விட்டது என்றார்கள். அவனைத் திட்டி எழுதும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். நான் திட்டினேன், அவன் எங்கள் செய்திகள் முழுவதையும் இருபக்கமும் அழித்துவிட்டுப் போனான். திட்டுவதற்கு முன்னால் தேதி, நேரம், கணக்கு எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் சைபர் குற்றப் பிரிவில் கொடுக்க இன்னும் கொஞ்சம் கையில் இருந்திருக்கும். போட்ட பணத்தை எடுக்க மேலும் பணம் கட்டு என்று எந்தத் தளம் சொன்னாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். அதற்குப் பெயர் வரி என்றாலும் சரி, வைப்பு என்றாலும் சரி. புகார் வாங்கிய அதிகாரி என்னைக் கேலி செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அன்று காலையிலிருந்து நான் மூன்றாவது ஆள் என்றார்.

நேற்று இரவு புதிய எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. இணைய மோசடியில் இழந்த பணத்தை மீட்டுத் தரும் வழக்கறிஞராம். நான் இழந்த தொகையைக் கடைசி இலக்கம்வரை சரியாகச் சொன்னார். முன்பணம் மட்டும் கட்டினால் போதுமாம். “அண்ணா, கவலை வேண்டாம்” என்று எழுதியிருந்தார். “உங்கள் பணம் திரும்பக் கிடைப்பது 100 சதவீதம் உருதி.”

இந்த முறை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.