நூறு கிராம் தீபாவளி: திருவானைக்காவல் மாமியின் பலகார டப்பா எப்படி இருந்தது?

தீபாவளிக்குக் கடையில் பலகாரம் வாங்குபவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். வகைக்குக் கால் கிலோ என்று கேட்டாலே ஐந்து வகைக்கு ஒன்றே கால் கிலோ ஆகிவிடுகிறது. எங்கள் வீட்டில் மூன்றே பேர், அதில் அப்பாவுக்குச் சர்க்கரை. அவ்வளவையும் வீட்டில் வைத்துக்கொண்டு "அளவா சாப்பிடுங்கப்பா" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. டப்பா கண்ணில் படுகிற வரைக்கும் கை போய்க்கொண்டேதான் இருக்கும். அதனால்தான் திருவானைக்காவலில் வீட்டிலேயே பலகாரம் செய்து கொடுக்கும் ஒரு மாமி வகைக்கு 100 கிராம் போதும் என்றாலும் தருகிறார் என்று கேள்விப்பட்டதும் இந்த வருஷம் அவரிடமே சொல்லிவிட்டேன். தேன்குழல், மிளகு தட்டை, ஓமப்பொடி, மாலாடு, மைசூர்பாகு, கூடவே 50 கிராம் தீபாவளி லேகியம். எல்லாம் சேர்த்து 540 ரூபாய்.

முதலில் தேன்குழல், ஏனென்றால் இந்த டப்பாவின் ராஜா அதுதான். உடைத்தால் சத்தம் கேட்கிறது, உள்ளே குழல் தெரிகிறது, வாயில் போட்டால் கரைகிறது, ஆனால் நாக்கில் எண்ணெய் ஒட்டவில்லை. ஒன்றை எடுத்து டிஷ்யூ பேப்பரில் ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்தேன், காலையில் லேசான ஒரு வளையம், அவ்வளவுதான். மாமியிடம் கேட்டபோது நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்றார், வெண்ணெய் கூடிப்போனால் முறுக்கு எண்ணெயில் பிரிந்து எண்ணெயைக் குடித்துவிடும், எண்ணெய் சரியாகக் காயாமல் பிழிந்தாலும் அதே கதைதான் என்றார். "தேன்குழலுக்கு வெச்ச எண்ணெய் அன்னியோட சரி, மறுநாள் அதத் தொட மாட்டேன்" என்று சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயைப் பற்றி இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே விதி போட்டிருக்கிறது. எண்ணெய் கெட்டுப்போவதைக் காட்டும் போலார் காம்பவுண்ட் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நடைமுறை. வீட்டில் அதை அளக்க நமக்கு வழியில்லை, மூக்குதான் கருவி. பாக்கெட்டைப் பிரித்ததும் காறல் வாடை வந்தால் அது பழைய எண்ணெய். இதில் அந்த வாடை துளியும் இல்லை, ஒரு வாரம் கழித்தும் இல்லை.

தட்டை நன்றாக இருந்தது, உப்பு மட்டும் ஒரு சிட்டிகை தூக்கல். பி.பி. உள்ளவர்கள் ஆர்டர் சொல்லும்போதே உப்பைக் குறைக்கச் சொல்லிவிடுங்கள். இனிப்பை மட்டும் பார்த்துப் பார்த்து ஒதுக்கிவிட்டுக் காரத்தை அள்ளிச் சாப்பிடுகிற பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது, உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் உப்பே 5 கிராமுக்குள்தான். ஓமப்பொடி சாதாரணம்.

மைசூர்பாகு இப்போது எங்கும் கிடைக்கும் வழவழ ரகம் இல்லை, கூடு கூடாக, நடுவில் சிவந்து, கடித்தால் பொறபொறவென்று உதிரும் பழைய ரகம். இங்கே இன்னொரு விஷயம் எனக்குப் பிடித்தது. வில்லைகள் கடை அளவில் பாதிதான். ஒன்று சுமார் 20 கிராம் இருக்கலாம், அதில் எப்படியும் 8 கிராம் போலச் சர்க்கரை இருக்கும், ஏனென்றால் மைசூர்பாகு என்றாலே கடலைமாவைப் போல இரண்டு பங்கு சர்க்கரை, அதற்கு ஈடாக நெய். ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள். ஒரு சின்ன வில்லை அந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும், கடைப் பெரிய வில்லை இரண்டு என்றால் அடங்காது. மாலாடு அப்பாவுக்காகவே வாங்கியது, பொட்டுக்கடலை மாவு அதிகம், இனிப்பு மட்டு, ஏலக்காய் வாசனை தூக்கல். அதிலும் சர்க்கரை இருக்கிறது, மறுக்கவில்லை, ஆனால் ஒன்று சாப்பிட்டாலே மனசு நிறைகிறது.

இதே தீபாவளிக்கு வேறொரு கடையிலிருந்து "சர்க்கரை சேர்க்காதது" என்று பெரிய எழுத்தில் போட்ட பெட்டி ஒன்று பரிசாக வந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் பேரீச்சம்பழ விழுது, அப்புறம் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் மால்டிட்டால் என்ற இனிப்பூட்டி. பேரீச்சையில் இருப்பதும் சர்க்கரைதான், அதுவும் ரத்தத்தில் ஏறத்தான் செய்யும். மால்டிட்டால் கொஞ்சம் அதிகமானால் வயிறு உப்பும், சிலருக்குப் பேதியாகும். அந்தப் பெட்டியை நம்பி ஒருவர் நாலு உருண்டை சாப்பிட்டால் என்ன ஆகும்? ருசியும் சுமார். வெல்லத்தில் செய்தது என்று விற்கும் இனிப்புகளுக்கும் இதே கதைதான், வெல்லமும் பெரும்பகுதி சர்க்கரையே. என்னைக் கேட்டால் அசல் மைசூர்பாகில் ஒரு சின்ன வில்லை, பெயரளவு ஆரோக்கிய இனிப்பு நாலு உருண்டையைவிட எவ்வளவோ மேல்.

லேகியத்துக்கு வருவோம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், தனியா எல்லாம் வறுத்து இடித்து, வெல்லப்பாகில் கிளறி, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டு இறக்கியது. நல்ல கறுப்பு, கையில் ஒட்டாமல் உருட்ட வருகிறது, முதலில் வெல்லம், அடுத்த நொடி திப்பிலிக் காரம் தொண்டையில் இறங்குகிறது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்ததும் சின்ன நெல்லிக்காய் அளவு சாப்பிட்டோம், எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட பிறகு வரும் அந்த மந்தம் எனக்கு இந்தத் தடவை தெரியவில்லை. ஆனால் லேகியம் சாப்பிட்டாச்சு, இனி எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம், அது சர்க்கரையைக் கரைக்காது, அதிலேயே வெல்லம் இருக்கிறது. அப்பாவுக்குச் சுண்டைக்காய் அளவுதான் கொடுத்தோம்.

நாங்கள் சாப்பிட்ட முறையையும் சொல்கிறேன். வெறும் வயிற்றில் லேகியத்தோடு நிறுத்திக்கொண்டு, இட்லி, சாம்பார், ஒரு கிண்ணம் சுண்டல் ஆனபிறகுதான் இனிப்பு. பருப்பும் பயறும் முதலில் போனால் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறாது. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அப்பாவும் நானும் கால்மணி நேரம் நடந்துவிட்டு வந்தோம். தெருவெல்லாம் வெடிக் குப்பை, புகை, ஆனாலும் அவர் சலித்துக்கொள்ளவில்லை. மாத்திரையின் அளவை மாற்றவே இல்லை. பண்டிகை நாளில் யாரும் தானாக மாத்திரையைக் கூட்டிக் குறைக்க வேண்டாம், டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குறைகள் உண்டு. டப்பா மெல்லிய பிளாஸ்டிக், வண்டியில் கொண்டு வருவதற்குள் ஓமப்பொடி பாதி தூளாகிவிட்டது. என்ன சேர்த்தது, எத்தனை நாள் வைக்கலாம் என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கலாம். கடைகளில் உதிரி இனிப்புக்கே தேதி எழுதி வைக்க வேண்டும் என்று 2020லேயே சொல்லியாயிற்று, வீட்டில் செய்து விற்பவர்களும் எழுதினால் வாங்குகிறவர்களுக்கு நிம்மதி. நேரில் போய்த்தான் வாங்க வேண்டும், தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் ஆர்டரை மூடிவிடுகிறார். அக்கம்பக்கம் தட்டு கொடுத்து வாங்கும் வீடுகளுக்கு 100 கிராம் ஒரு நாளும் காணாது, அவர்கள் அரை கிலோவாகவே சொல்லிவிடலாம். விலை கடையைவிடக் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் எங்கள் வீட்டில் இந்த வருஷம் ஒரு துண்டுகூட வீணாகவில்லை, தீபாவளி கழிந்து அடுத்த வாரத்துக்கு டப்பாவில் எதுவும் மிச்சமும் இல்லை.

கார்த்திகைக்குப் பொரி உருண்டையும் அப்பமும் செய்கிறாராம். அப்பத்துக்குப் புது எண்ணெய்தானா என்று கேட்டுவிட்டு, எங்களுக்கு எட்டு மட்டும் போதும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.