கோடு ரீடரா, லைவ் டேட்டா ஸ்கேனரா?

கேம்பரை (தங்கும் வசதியுள்ள இழுவண்டியை) இழுத்துக்கொண்டு அமெரிக்காவின் கொலராடோ மாநில ஐ-70 சாலையில், 11,000 அடிக்கு மேலுள்ள ஐசனோவர் சுரங்கத்தை நோக்கி ஏறும்போது பெட்ரோல் பிக்கப் திணறுகிறது. கோளாறைக் கண்டுபிடிக்க வண்டியின் டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் எதைச் செருகிப் பார்ப்பது?

வண்டியின் கணினி பதிந்துவைத்த கோளாறுக் கோடை மட்டும் படிக்கும் கோடு ரீடர் மலிவு. பி0302 என்று காட்டினால் இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது எரிபொருள் சரியாக எரியவில்லை. அதன் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோடும் கூடவே நகர்ந்தால் கோளாறு காயிலில்தான்.

ஆனால் பாரம் இழுக்கும்போது மட்டும் வரும் திணறலுக்குப் பல நேரம் செக் எஞ்சின் விளக்கே எரியாது. அங்கே வண்டி ஓடும்போதே சென்சார் எண்களைக் காட்டும் ஸ்கேனரின் லைவ் டேட்டாதான் கைகொடுக்கும். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) சரியாக இருக்கும் ஃபியூவல் ட்ரிம், அதாவது கணினி எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் அளவு, ஏற்றத்தில் மட்டும் +20 சதவீதத்தைத் தாண்டுகிறதா? ஃபியூவல் பம்ப், ஃபில்டரைச் சந்தேகப்படுங்கள். ஐடிலில் எகிறி, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் இறங்கினால் எஞ்சினுக்குள் கணக்கில் வராத காற்று புகும் வாக்குவம் லீக்காக இருக்கலாம். எண்களைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். அடிக்கடி கேம்பர் இழுப்பவர் என்றால் கூடுதல் காசு போட்டு ஸ்கேனரே வாங்குங்கள்.