55 இன்ச் வாங்கப் போய் 43 இன்ச்சோடு திரும்பினேன்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு ஹால் பத்துக்குப் பதினான்கு அடி. அதில் பன்னிரண்டு வருடமாக ஒரு 32 இன்ச் டிவி ஓடிக்கொண்டிருந்தது. போன மழைக்காலத்தில் ஸ்கிரீனில் செங்குத்தாக ஒரு கோடு விழுந்தது, ஒரு வாரத்தில் நாலு கோடாச்சு, அப்புறம் பாதி ஸ்கிரீனே இருட்டு. பேனல் மாற்றுகிற காசுக்குப் புதுசே வாங்கிடலாம் என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார்.

2025 செப்டம்பர் 22லிருந்து 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18க்கு இறங்கியிருந்தது, அந்தத் தைரியத்தில் 55 இன்ச்தான் என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன். "பாண்டியில போய் வாங்குடா, வரி கம்மி" என்றார் மாமா. அதெல்லாம் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததோடு போச்சு மாமா, இப்போது இரண்டு ஊரிலும் ஒரே வரி, வண்டி வாடகைதான் தண்டம் என்று சொல்லிப் பார்த்தேன், அவர் நம்பிய மாதிரி தெரியவில்லை.

திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு பெரிய கடை. சுவர் முழுக்க டிவி, எல்லாவற்றிலும் பஞ்சவர்ணக்கிளி, வெட்டிய மாதுளை, தண்ணீருக்குள் மீன். அந்த வீடியோவை எந்த டிவியில் போட்டாலும் அழகாகத்தான் இருக்கும், போதாததற்கு எல்லாமே கண்ணைப் பறிக்கிற விவிட் மோடில் வேறு. "இது க்யூஎல்இடி சார், அது சாதா எல்இடி" என்றார் கடைத் தம்பி. இரண்டுமே எல்சிடிதான். பின்னால் எல்இடி விளக்கு, க்யூஎல்இடியில் நிறம் இன்னும் பளிச்சென்று வர குவாண்டம் டாட் என்று ஒரு படலம் கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம். ஓஎல்இடி தனி ஜாதி, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி விடும், கறுப்பு என்றால் கறுப்பு. ஆனால் விலை எங்கேயோ இருக்கிறது, அப்பா நாள் முழுக்க ஒரே நியூஸ் சேனல் வைப்பவர், அந்த லோகோவும் கீழே ஓடுகிற பட்டையும் வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் ஓஎல்இடியில் தழும்பு விழ வாய்ப்பு உண்டு. அதை அங்கேயே விட்டேன்.

"தம்பி, கிளி போதும், கேபிளைப் போடுங்க" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் இணைப்புக் கொடுத்தார். எங்கள் வீட்டில் இருப்பது எச்டி இல்லாத பழைய எஸ்டி பாக்ஸ், படத்தில் 576 வரிதான் வரும். 4கே ஸ்கிரீனில் 2160 வரி, மீதியை டிவி தானாக ஊகித்து நிரப்ப வேண்டும். 55 இன்ச்சில் செய்தி வாசிப்பவரின் முகம் தண்ணீரில் ஊறிய அப்பளம் மாதிரி இருந்தது, 43இல் பரவாயில்லை.

சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன், ஆனால் அம்மா ஞாபகம் வந்தது. சீரியல் நேரத்தில் அம்மா சோபாவில் உட்காரவே மாட்டார், சமையலறை வாசல்படிக்குப் பக்கத்தில் அரிவாள்மனையோடு உட்கார்ந்துதான் பார்ப்பார். அங்கிருந்து டிவி ஏகத்துக்கும் சாய்வாகத் தெரியும். கடையில் அதே சாய்வில், ஓரமாகப் போய்த் தரையில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன் (இன்னொரு கஸ்டமர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்). நேரில் சூப்பராக இருந்த 55 இன்ச்சில் நிறமெல்லாம் வெளுத்து, கறுப்பு சாம்பலாகிவிட்டது. விஏ என்கிற வகைப் பேனல் அப்படித்தான், நேரே பார்த்தால் இருட்டு அழகாக வரும், பக்கவாட்டில் படுத்துவிடும். பக்கத்திலிருந்த 43 இன்ச்சில் இருந்தது ஐபிஎஸ் என்கிற இன்னொரு வகைப் பேனல், எங்கிருந்து பார்த்தாலும் பெரிதாக மாறவில்லை. எதில் எந்தப் பேனல் என்று கேட்டால் கடையில் தெரியாது, பெட்டியிலும் போட்டிருக்க மாட்டார்கள், ஒரே மாடலிலேயே பேனல் மாறி வருவதும் உண்டு. வேறு வழியில்லை, குந்தித்தான் பார்க்க வேண்டும்.

43ஐ வாங்கி மூன்று மாதமாகிறது. ஐபிஎஸ்ஸின் குறை ராத்திரியில் தெரியும், விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்த்தால் இருட்டுக் காட்சிகள் கறுப்பாக இல்லாமல் சாம்பல் பூத்த மாதிரி இருக்கின்றன. டியூப்லைட் எரிந்தால் தெரியவில்லை. முதல் நாளே விவிட் மோடை மாற்றி சினிமா மோடு வைத்தேன், படத்தைச் சீரியல் மாதிரி வழவழவென்று காட்டுகிற மோஷன் செட்டிங்கையும் அணைத்தேன். சத்தம்தான் சுமார். ஸ்பீக்கர் கீழ்நோக்கி இருப்பதால் ஃபேன் அஞ்சில் சுற்றினால் வசனம் கேட்காது, கடலூர் வெயிலில் ஃபேனைக் குறைக்கவும் முடியாது. பொங்கல் போனஸில் ஒரு சவுண்ட்பார் வாங்கி டிவி சத்தத்தை வெளியே அனுப்புகிற, ஏஆர்சி என்று எழுதியிருக்கிற எச்டிஎம்ஐ ஓட்டையில் சொருகினேன், அதற்கப்புறம்தான் நிம்மதி.

கடைக்காரர்கள் மேல் ஒரு கோபம் உண்டு. மாட்டித் தருவது இலவசம் என்றார்கள், ஆள் வந்ததோ அஞ்சாம் நாள், வந்ததும் சுவர் ஸ்டாண்டுக்குத் தனியாக 800 ரூபாய். டீக்கடை டிவி மாதிரி ஆறடி உயரத்தில் மாட்டத்தான் டிரில்லைத் தூக்கினார். எங்கள் வீட்டில் பாதிப் பேர் தரையில் உட்காருபவர்கள், கழுத்து போய்விடும் என்று இறக்கச் சொன்னேன். "யாரும் இவ்ளோ கீழ மாட்ட மாட்டாங்க சார்" என்று முணுமுணுத்துக்கொண்டே மாட்டினார். அம்மா வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இன்னும் ரெண்டு விரக்கடை இறக்கியிருக்கலாம் என்றார்.